புயலுக்கு நான் எழுதிய மரணச் சான்றிதழ்

உயிரோடு இருந்த ஒரு புயலை இறந்துவிட்டதாக அறிவித்தவன் நான். டீக்கடையில் வாய் தவறிச் சொல்லியிருந்தால் மறந்திருப்பார்கள். நானோ தொண்ணூறு சொச்சம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செயற்கைக்கோள் படம் போட்டு, படத்தின் மேல் சிவப்பு அம்புக்குறி போட்டு, "கதை முடிந்தது. கரைக்கு வரும்போது வெறும் மழை" என்று எழுதிக் கீழே என் பெயரையும் போட்டேன். இன்றும் யாராவது அதைத் தேடி எடுத்து எனக்கே அனுப்புவதுண்டு.

இதில் கூடுதல் வெட்கம் என் உத்தியோகம். காரைக்கால் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் பிரிவில் நான் குமாஸ்தா. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் எங்கள் மேசையை இன்னும் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடத்தில் டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆளைக்கூட நான் சாகவிட்டதில்லை. அழுதுகொண்டு வந்து நிற்பவரைக்கூட, "இந்த இடத்துல முத்திரை இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், புயல் என்று வந்ததும் நானே டாக்டர், நானே சாட்சி, நானே முத்திரை என்று ஆகிவிட்டேன்.

எனக்குப் புயல் பைத்தியம் பிடித்தது நாற்பது வயதுக்கு மேல். அந்த வயதில் சிலருக்கு யோகா பிடிக்கும், சிலருக்கு ரியல் எஸ்டேட். நான் காற்றைப் பற்றித் தடித்தடியான புத்தகங்களாக வாங்கிப் படித்தேன். எல்லாம் அட்லாண்டிக் கடலின் புயல்களைப் பற்றியவை. தலத்தெருவில் என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்தேன். காக்கை வந்து அதில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதால் ஊரிலேயே எங்கள் தெருவில் மட்டும் மழை குறைவாகப் பெய்தது. ஐப்பசி பிறந்துவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை கைப்பேசியில் புதுப் படம் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

"கேஸ் தீர்ந்து மூணு நாளாச்சு, அது தெரியல. அந்தமான்கிட்ட மேகம் கூடுறது தெரியுதாக்கும்" என்பாள் மனைவி.

ஆனால் காரைக்காலில் இந்தப் பைத்தியத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. தொலைக்காட்சியில் நாகப்பட்டினம் என்பார்கள், மயிலாடுதுறை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எங்களைப் படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கு லீவு விடுவதென்றாலும் எங்களுக்கு வேறு அரசாங்கம், வேறு நேரம். "அது சரி, நம்மூருக்கு என்ன?" என்று கேட்க ஒரு உள்ளூர் ஆள் தேவைப்பட்டான். அந்தக் காலியிடத்தில் நான் விண்ணப்பம் போடாமலே சேர்ந்துகொண்டேன்.

என்னிடம் அப்படிக் கேட்பவர்களில் ஒருவன் என் பள்ளித் தோழன். ஒன்பதாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அதன்பின் நான் காகிதத்துக்குப் போனேன், அவன் காரைக்கால்மேட்டில் கடலுக்குப் போனான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஃபைபர் படகு. அவனும் அவன் மனைவியும் அதை வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

புயல் வருகிறதென்றால் பெரிய விசைப்படகுகள் அரசலாற்றுக்குள் போய் ஒதுங்கிவிடும். கரையில் கிடக்கும் ஃபைபர் படகுகளை டிராக்டரில் கட்டி மேட்டு ரோட்டுக்கு இழுப்பார்கள். டிராக்டர் இரண்டு, படகுகள் ஏராளம். அதனால் ஊர்ப் பஞ்சாயத்தார் சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். தன் முறை வரும்போது வேண்டாம் என்பவன் எல்லாருக்கும் கடைசியில் போய் நிற்க வேண்டும். சண்டை வராமலிருக்க அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழி அது.

புயல் வருவதற்கு முந்தைய நாள் நண்பகலில் அவன் கூப்பிட்டான்.

"மாப்ள, என் முறை வந்திருச்சு. டிராக்டர்காரன் கயித்தோட நிக்கிறான். இழுக்கவா, வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"இழுத்தா என்னடா?"

"அடியில ஒட்டுப் போட்டு ரெண்டு நாளுதான் ஆவுது. கல்லுல இழுத்தா பேந்துரும். துறைமுகத்துல கூண்டு என்னமோ பெருசாத்தான் ஏத்தியிருக்கானுவ. நீ படத்தப் பாத்து சொல்லு."

பார்த்தேன். காலைவரை அந்தப் புயலுக்குச் சின்னதாக, சுத்தமாக, பஞ்சு மெத்தையில் துளை போட்டதுபோல ஒரு கண் இருந்தது. நண்பகல் படத்தில் கண்ணைக் காணோம். மேகமெல்லாம் தலைவாராத பிள்ளை மாதிரி அலங்கோலமாகக் கிடந்தது.

கடும் புயலின் நடுவில் ஒரு கண் இருக்கும். அதைச் சுற்றி மேகத்தால் ஆன சுவர். காற்றின் மொத்த வெறியும் அந்தச் சுவரில்தான். சில சமயம் அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு வளையம் எழும்பி, உள்ளே போக வேண்டிய ஈரக்காற்றை வழியிலேயே பறித்துக்கொள்ளும். உள்சுவர் பட்டினி கிடந்து இடிந்துபோகும். அந்தச் சில மணி நேரம் புயல் ஆஸ்பத்திரியில் படுத்த ஆள் மாதிரி இருக்கும். கண் மூடிக்கொள்ளும், வேகம் குறையும். பிறகு வெளிவளையம் மெல்ல உள்நோக்கிச் சுருங்கித் தானே புதுச்சுவர் ஆகிவிடும். கண் முன்னைவிடப் பெரிதாகத் திறக்கும். காற்று முன்னைவிட அகலமாகப் பரவும். கரைக்கு வருவதற்குள் கடலில் போதிய நேரம் கிடைத்தால் பழைய பலமும் திரும்பிவிடும்.

இதெல்லாம் என் புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆனால் கண் மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலத்திலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்து, புயல் நிஜமாகவே செத்துக்கொண்டிருக்கலாம். நான் பார்க்கும் படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று அறியக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வானிலை ஆய்வு மையத்தார் பொறுத்தார்கள், எச்சரிக்கையைக் குறைக்கவில்லை. அவர்கள் 'கூடும், கூடும்' என்று எழுதுவதைக் குழுவில் எப்போதும் கிண்டல் செய்பவன் நான். இப்போது அவர்களுக்கு முன்னால் சொல்லிவிட ஒரு வாய்ப்பு. டிராக்டர்காரன் வேறு நிற்கிறான்.

"வேணாம். அது ஒடஞ்சிருச்சு. வாடைக்குத் தலைய வச்சுக் கட்டிட்டுப் போய்த் தூங்கு" என்றேன்.

வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. புயல் கரையை நோக்கி வரும்போது எங்கள் கரையில் முதலில் அடிப்பது அதுதான். படகின் முன்தலையை வடக்கே திருப்பி, நங்கூரத்தை மணலில் புதைத்து, பின்பக்கத்தைச் சவுக்கு மரத்தில் கட்டுவார்கள். அவனும் நாலு ஆட்களைக் கூப்பிட்டுச் சவுக்குத்தோப்பு ஓரம்வரை கையாலேயே தள்ளி அப்படிக் கட்டினான். அவன் முறை அடுத்தவனுக்குப் போயிற்று. அதன்பிறகுதான் நான் குழுவில் என் சான்றிதழை வெளியிட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. பூவத்திலிருந்து ஒருவர் "உங்க சேவை தொடரட்டும்" என்று எழுதினார்.

சாயங்காலம் ஐந்தரை மணிப் படத்தில் புயல் கண்ணைத் திறந்திருந்தது.

காலையில் இருந்ததைப்போல் பல மடங்கு பெரிய கண். அதைச் சுற்றி உருண்டையாக, வழவழவென்று புதுச்சுவர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடனே அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அடுத்த படம் வரட்டும் என்று காத்திருந்தேன். இது ஏதோ படக் கோளாறாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த படத்தில் அது இன்னும் உருண்டையாக இருந்தது. அதற்கும் அடுத்த படத்துக்குக் காத்திருந்தேன். இப்படி ஒரு மணி நேரம். நண்பகலில் அவசரப்பட்டவனுக்குச் சாயங்காலம் எங்கிருந்தோ அப்படி ஒரு நிதானம் வந்திருந்தது.

"மாப்ள, இழுத்துரு. இப்பவே இழுத்துரு" என்றேன்.

"டிராக்டர் போயிருச்சு மாப்ள" என்றான். "ஏன், என்னவாம்?"

"திரும்ப எழுந்திருச்சு."

"சரி" என்றான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம்தான் காற்று பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். விடிவதற்குள்ளேயே பிடித்துவிட்டது. புதுச்சுவர் அகலமாக இருந்ததால் காற்றும் தூரத்திலிருந்தே வந்து சேர்ந்துவிட்டது. என் கணக்கில் இருந்தது செத்துப்போன பழைய புயல். எதிர்வீட்டுத் தகரக்கூரை காகிதம் மாதிரி எழும்பிப் போயிற்று. மாடியிலிருந்த மழைமானி எந்த ஊருக்குப் போனதோ. கதவுக்குப் பின்னால் பீரோவைத் தள்ளி வைத்து நானும் மனைவியும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். நான் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். டவர் இல்லை.

"யாருக்குப் போடுறீங்க?"

சொன்னேன். "அவங்க முகாமுக்குப் போயிருப்பாங்கள்ல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. முகாமுக்குப் போகச் சொல்லக்கூட நான் மறந்திருந்தேன்.

காலை பதினொரு மணிவாக்கில் யாரோ ஸ்விட்சை அணைத்ததுபோலக் காற்று நின்றது. ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம். வெயில்கூட ஒரு கீற்று விழுந்தது. கண் எங்கள் மேல் வந்திருக்கிறது. இது நடுவழி, அடுத்த சுவர் வரும்போது காற்று நேர் எதிராக, தெற்கிலிருந்து அடிக்கும்; அதற்குச் சோளகம் என்று பெயர். வாடைக்குக் கட்டிய படகை அது பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கும். இது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அவனுக்குத் தெரியும். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அவன் இந்த அமைதியில் படகைத் திருப்பிக் கட்ட நிச்சயம் போவான்.

மனைவி தடுத்தாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். இரண்டு தெரு தாண்டியதும் புளியமரம் ஒன்று ரோட்டை மறித்துக் கிடந்தது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன். ஓடினேன் என்று பெருமைக்குச் சொல்கிறேன். என் உடம்புக்கு அது வேகமான நடை.

வழியெல்லாம் ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். கிளைகளை இழுத்துப் போட்டார்கள், விழுந்த கம்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு டீக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

"உள்ள போங்க! இன்னும் பாதி இருக்கு! திரும்ப அடிக்கும்!" என்று கத்திக்கொண்டே போனேன்.

டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவரும் குழுவில் இருக்கிறார். "நீங்கதானே சார் நேத்து ஒண்ணுமில்லன்னு போட்டீங்க?"

"அது தப்பு!"

"அப்ப இதுமட்டும் ரைட்டுங்கிறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சரியான வானிலை அறிக்கை அது. ஒருவர்கூட நம்பவில்லை. நின்று விளக்க நேரமில்லாமல் மேலே ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

காரைக்கால்மேட்டு முகாமில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவன் மனைவி நின்றாள். தங்கச்சி என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவது.

"அவன் எங்கம்மா?"

"காத்து நின்னதுமே போயிட்டாருண்ணே. சோளகம் வர்றதுக்குள்ள தலைய மாத்திட்டு வந்துர்றேன்னாரு. ஒத்தையாத்தான் போயிருக்காரு. கூப்புட்டா யாரு வருவா? அவங்கவங்க படகுதான் மேல ஏறிருச்சே." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "படகு போனா போவட்டும்ணே. நீங்க சொன்னா கேப்பாரு. கூட்டியாந்துருங்க."

நீங்கள் சொன்னால் கேட்பார். அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

கடல் வழக்கமான இடத்தில் இல்லை. சவுக்குத்தோப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. மேலே வட்டமாக வெளுத்த வானம், அதைச் சுற்றி எட்டுத்திசையிலும் சுவர் எழுப்பியதுபோலக் கருமேகம். புத்தகத்தில் அந்தப் படத்தை எத்தனையோ தடவை ரசித்திருக்கிறேன். அன்று அதை அண்ணாந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் முன்தலையைத் தோளால் நெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? அந்தக் கயித்தப் புடி" என்றான், ஏதோ நான் தினமும் அந்த நேரத்துக்கு வருகிறவன்போல.

"விட்டுட்டு வாடா!"

"புடிடாங்கிறேன்."

பிடித்தேன். இருபத்திரண்டு வருடம் பேனா பிடித்த கை. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. படகு பாதி திரும்பியது, பிறகு மணலில் சிக்கிக்கொண்டது. அவன் வடக்குக் கயிற்றை அவிழ்த்துத் தெற்குப் பக்கத்து மரத்துக்கு மாற்ற வேண்டும். அதை அவிழ்த்தபின் இந்தப் பக்கம் கட்டி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டால் படகும் போகும், அதைப் பிடித்திருக்கும் ஆளும் போவான். முடிச்சில் கையை வைத்துக்கொண்டு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாப்ள, இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

கண்ணின் அகலத்தையும் புயல் நகரும் வேகத்தையும் வைத்து நான் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். நேற்றைய நானாக இருந்தால் இத்தனை நிமிடம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் கடைசியாக நான் பார்த்த படம் ராத்திரியில் வந்தது. அதற்குப் பிறகு கண் சுருங்கியதா, நாங்கள் அதன் நடுவில் இருக்கிறோமா ஓரத்தில் இருக்கிறோமா, எதுவும் எனக்குத் தெரியாது.

"தெரியாது" என்றேன்.

"குத்துமதிப்பா சொல்லு."

"சத்தியமா தெரியாதுடா. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

ஐம்பதை நெருங்கும் ஆள், இடுப்பளவு கடலில் நின்று அழுதேன். அவன் என்னைப் பார்க்காமல் தெற்கே பார்த்தான். தூரத்தில் சரக்கு ரயில் வருவதுபோல ஒரு சத்தம் ஆரம்பித்திருந்தது. எனக்கு அது கேட்டது அவன் முகம் மாறிய பிறகுதான். அவன் முடிச்சிலிருந்து கையை எடுத்தான். படகின் விளிம்பை ஒருமுறை தட்டினான், மாட்டை முதுகில் தட்டுகிற மாதிரி.

"ஓடு" என்றான்.

முகாம்வரை எங்களால் போக முடியவில்லை. மீன் ஏலம் போடும் கூடத்துக்குப் பின்னால் வலை வைக்கும் கான்கிரீட் அறை ஒன்று இருக்கிறது. அதற்குள் விழுந்தோம். கதவு காலையிலேயே போயிருந்தது. சோளகம் வந்தது. காலையில் அடித்த வாடை அதற்குமுன் வெறும் ஒத்திகை. கடல் வாசலைத் தாண்டி உள்ளே வந்து முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது. ஈர வலைக் குவியலின் மேல் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். என் பெல்ட்டுக்குள் கையை நுழைத்து அவன் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தான். காப்பாற்றப் போனவனைப் பிடித்திருந்தது அவன் கைதான். நடுவில் நான் அவன் காதுக்குள் ஏதேதோ சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவன் என் தலையை அழுத்திக் குனியவைத்தான்.

மதியத்துக்கு மேல் காற்று இறங்கியது. முகாமுக்கு நடந்தோம். அவள் அதே ஜன்னலில் நின்றாள். நாங்கள் செத்துவிட்டோம் என்று ஊர்ப் பெண்கள் அதற்குள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவள் அழவில்லை. புருஷனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு படகுக்குப் போனாரு. நீங்க எதுக்குண்ணே போனீங்க?"

கூட்டி வரச்சொன்னவளே அவள்தான்.

படகு மறுநாள் கிடைத்தது. தோப்பைத் தாண்டி, உப்பாற்றங்கரைக் கருவேலங்காட்டுக்குள் குறுக்கே இரண்டாக உடைந்து கிடந்தது. அவன் குனிந்து அடியைத் தடவினான். ஒட்டுப் போட்ட இடம் மட்டும் பேந்திருக்கவில்லை.

நான் குழுவை விட்டு வெளியேறினேன். யாரும் கவனிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன். இரவெல்லாம் ஒரே நினைப்புதான்: என் ஒற்றை வார்த்தையால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போயிற்று. அவன் அடுத்தவன் படகில் கூலியாளாகப் போக ஆரம்பித்திருந்தான். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கடலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே, மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். கண், சுவர், புதுச்சுவர், என் அவசரம், சாயங்காலம் நான் வீணாக்கிய ஒரு மணி நேரம், என் வார்த்தையை நம்பி அவன் கெட்டது.

அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே முழுவதையும் கேட்டாள்.

"நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்கண்ணே. ஒட்டு பேந்துரும்னு அவருக்கு இழுக்கவே மனசில்ல. அன்னைக்கு உங்களுக்கு முன்னால நாலு பேருகிட்ட கேட்டாரு. நாலு பேரும் இழுத்துருன்னுட்டாங்க. அஞ்சாவதா நீங்க கெடச்சீங்க."